டினான்ல ஒரு சாக்ஸபோன் ராத்திரி

நேத்து டினான்ல, சாக்ஸபோனைக் கண்டுபிடிச்ச அடால்ஃப் சாக்ஸ் பிறந்த ஊர்லயே, சாக்ஸபோனுக்குன்னு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி. பெல்ஜியத்துல இருந்துக்கிட்டு இத்தனை வருஷம் போகாம விட்டுட்டேனேன்னு இருந்தது.

எனக்கு முன்வரிசை. வாசிக்கிறவர் ரீடை, அதாவது ஊதுற முனையில இருக்கிற நாணல் சீவலை, நாக்குல நனைச்சுக்கிட்டே தன் முறைக்குக் காத்திருந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதின 'பழைய கோட்டை'யை, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922ல ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாத்தினப்போ ஆல்ட்டோ சாக்ஸபோன்கிட்ட ஒப்படைச்சாரே, அந்த இடம் வந்தப்போ கண்ணு கலங்கிடுச்சு. உடம்பு முழுக்கப் பித்தளை, ஆனா பேசுறது ஒரு மெல்லிய நாணல் சீவல்!

சாக்ஸ், 1846ல சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கின மனுஷன். அப்புறம் வழக்கு மேல வழக்கு, மூணு தடவை திவால். 1894ல பாரிஸ்ல வறுமையிலதான் செத்தார். அவர் காலத்து ஆர்க்கெஸ்ட்ராக்கள் இந்த வாத்தியத்தை உள்ளே விடவே தயங்கின. நேத்து அது நடுமேடையில நின்னுச்சு.