நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இருபத்தோராவது நாள்

வாடகை பாக்கிக்காக ஹவுஸ் ஓனர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் தபாலில் கையெழுத்துப் போடாதே என்றுதான் பக்கத்துப் போர்ஷன் அக்கா சொன்னார். வாங்கினால் மாட்டிக்கொள்வாய், ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடு என்றார். தபால்காரர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் வாங்கிவிட்டேன். 2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. அந்தத் தேதியை உறையின் மேலேயே பேனாவால் எழுதி வைத்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. பிறகு எனக்குப் பெரிய துணையாக நின்றது அந்தத் தேதிதான்.

நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மாதம் 6,500 ரூபாய் வாடகை, 40,000 அட்வான்ஸ். கீழே ஹவுஸ் ஓனர். என் வீட்டுக்காரர் பெயிண்டர். ஜூன் முதல் வாரம் சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. புதுச்சேரி ஜிப்மரில் பிளேட் வைத்தார்கள். மருத்துவத்துக்குப் பெரிதாகச் செலவாகவில்லை. ஆனால் பஸ், சாப்பாடு, கூட இருக்க ஆள் என்று கையில் இருந்தது கரைந்துவிட்டது. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். அது அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் சரியாகப் போனது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாத வாடகை நின்றுபோனது.

இங்கே என் தவறு ஒன்று இருக்கிறது. ஓனரைப் பார்க்க வெட்கப்பட்டு, அவர் வாசலில் இருந்தால் நான் மாடியிலேயே இருந்துவிடுவேன். அவரும் பென்ஷனில்லாத மனிதர், இந்த வாடகையை நம்பித்தான் இருந்தார். ஜூலையிலேயே போய் நின்று, "ஐயா, இந்த நிலைமை, இத்தனை நாளில் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் தபால் வரை போயிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் மோட்டார் நின்றது. ஸ்விட்சுக்கு ஒரு தகரப் பெட்டி அடித்து, சாவியை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார். தெருக்குழாயில் ஆறு குடம் பிடித்துப் பதினெட்டுப் படி ஏறுவேன். கால் கட்டோடு இருப்பவரைக் குளிப்பாட்ட அதில் இரண்டு குடம் போய்விடும். வாடகை பாக்கி வைத்தது நாங்கள்தானே என்று அதையும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டேன்.

வக்கீல் நோட்டீஸில் இருந்தது இதுதான்: மூன்று மாத பாக்கி 19,500-ஐ ஒரு மாதத்தில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வழக்குப் போடப்படும். அன்று மாலையே பணத்துக்கு வழி தெரியாமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஓனரிடம் கேட்டேன். முடியாது, வீட்டைக் காலி பண்ணும்மா என்றார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம் என்று கிளம்பினேன். மகளிர் குழுவில் கூட இருக்கும் ஒரு அக்கா, முதலில் கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ என்று திருப்பிவிட்டார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்கிறார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

அங்கே கிடைத்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது உறையைத்தான். மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்து, "நல்ல வேலை செஞ்சீங்க, நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம்" என்றார். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் ஓனர் வெளியேற்றக் கேட்கலாம். ஆனால் நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் நின்றால் இந்தச் சலுகை கிடையாது, ஜாக்கிரதை என்றார். வீட்டைப் பூட்டவோ சாமானை வெளியே வைக்கவோ ஓனருக்கு அதிகாரம் இல்லை, அதற்கு வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். பாக்கி இருந்தாலும் தண்ணீரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போகலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் அவர் மறைக்கவில்லை. எங்கள் அக்ரிமெண்ட் இருபது ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதியது. அது முடிந்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காரணமாக வைத்து வழக்குப் போடவும் இடம் இருக்கிறது என்றார். (புதுச்சேரியில் இருக்கும் என் தங்கைக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே 1969-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் சட்டம் வேறு.)

செப்டம்பர் வாடகையையும் சேர்த்துக் கட்டுங்கள் என்றார். மொத்தம் 26,000. செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 15,000, மகளிர் குழுவில் 8,000. தீபாவளி பிளவுஸ்களுக்கு முன்பணமாக வாங்கியது 3,000. ரொக்கத்தோடும் வாடகை நோட்டோடும் போனேன். ஓனர் வாங்கவில்லை. சரி என்று அக்டோபர் 3 அன்று, வங்கியிலேயே அவர் கணக்குக்கு அனுப்பினேன். எந்தெந்த மாதத்துக்கு என்று குறிப்பில் எழுதச் சொல்லியிருந்தார் வக்கீல். ரசீது நகலை வைத்துப் பதில் நோட்டீஸ் போனது. மோட்டார் விஷயமும் அதில் ஒரு பத்தி. இனி வாடகையை வாங்க மறுத்தால் இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு வாடகை அதிகாரியிடம் கட்டும் வழி இருக்கிறது என்றும் சொல்லி வைத்தார். அதற்குத் தேவை வரவில்லை.

பதில் போன நாலாவது நாள் காலை, பைப்பில் முதலில் காற்று புஸ்ஸென்று வந்தது, அப்புறம் செம்பழுப்பாகத் தண்ணீர். பெட்டி அங்கேயேதான் இருந்தது, பூட்டு இல்லை. அன்று சாயந்திரம் வாடகை நோட்டைக் கொண்டுபோனேன். காலியாகக் கிடந்த நான்கு வரியிலும் ஓனர் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் பேசவில்லை. எழுந்தபோது, "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பிள்ளையின் முழுப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் நாங்களாகவே காலி செய்தோம். வண்டிப்பாளையத்தில் தரைத்தள வீடு, 5,500 வாடகை, ஒப்பந்தத்தை முறையாகப் பதிவு செய்துகொண்டோம். கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்காரர், காலைத் தாங்கித் தாங்கி நடந்தபடியே, அந்தப் போர்ஷன் சுவர் முழுவதும் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தார். பெயிண்ட் கூலி என்று அட்வான்ஸில் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓனர் மேலே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். கீழே போய் நாற்பதாயிரத்தையும் ஐந்நூறு ரூபாய்த் தாளாக எண்ணிக் கொடுத்தார்.