16-ஆம் வளைவும் இரும்புத் தூணும்

லூஜ் என்பது பனித்தடத்தில் சிறு சறுக்குவண்டியில் (ஸ்லெட்) இறங்கும் பந்தயம். அந்த ஸ்லெட்டில் பிரேக் கிடையாது. மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி இறங்கும் வீரர், முன்பக்கம் வளைந்தெழுந்த சறுக்குக் கால்களைக் கெண்டைக்காலால் அழுத்தித்தான் ஸ்லெட்டைத் திருப்புகிறார். வலக்காலை அழுத்தி இடத்தோளை அமுக்கினால் ஸ்லெட் இடப்பக்கம் போகும். எங்கே, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தம் என்பது ஒவ்வொரு தடத்துக்கும் மாறும். அதே தடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால்தான் உடம்புக்குப் பிடிபடும்.

நோடார் குமாரிதாஷ்விலிக்கு அந்த வாய்ப்பு குறைவு. 1988-இல் பிறந்த அவர், ஜார்ஜியாவின் பகுரியானி மலையூரில் வளர்ந்தவர். அப்பா தாவித் சோவியத் காலத்து லூஜ் வீரர். குடும்பமே இந்த விளையாட்டில் ஊறியது. ஆனால் நாட்டில் ஒலிம்பிக் தரத்துத் தடம் ஒன்றுகூட இல்லை. வான்கூவர் ஒலிம்பிக்குக்காகக் கனடாவின் விஸ்லரில் கட்டிய தடத்திலோ கனடா வீரர்களுக்கே பயிற்சி நேரம் மிக அதிகமாகக் கிடைத்தது. அது நியாயமே இல்லை.

2010 பிப்ரவரி 12, வான்கூவர் ஒலிம்பிக் தொடக்க நாள். பயிற்சி ஓட்டத்தில் 15-ஆம் வளைவிலிருந்து நோடார் தாமதமாக வெளியேறினார். அதனால் 16-க்குள் நுழைவதும் பிந்தியது. நுழைவு பிந்தினால் ஸ்லெட் வளைவின் சுவரில் ஏறி இறங்கி அலையும். ஒவ்வோர் இறக்கத்தையும் உரிய நொடியில் அழுத்திப் பிடிக்காவிட்டால் வெளிவரும் கோணம் தப்பிவிடும். மணிக்கு 140 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் உள்சுவரில் மோதி, எதிர்ச்சுவரைத் தாண்டித் தூக்கியெறியப்பட்டார். மெத்தை எதுவும் சுற்றாத இரும்புத் தூணில் மோதி இறந்தார். வயது 21.

ஓட்டியவரின் பிழை என்றது சர்வதேச லூஜ் சம்மேளனம். பிழை நடந்தது உண்மைதான். ஆனால் லூஜில் கவிழாத வீரர் கிடையாது. கவிழ்ந்தவர் தடத்துக்குள்ளேயே வழுக்கிப் போய் நிற்கும்படி சுவர் எழுப்புவதுதான் தடம் கட்டுபவரின் முதல் வேலை. 2009-லேயே அங்கே வேகம் 150-ஐத் தாண்டிவிட்டது. எதிர்பார்த்ததைவிட அதிக வேகம் என்பது அப்போதே தெரியும். அப்படியிருந்தும் வளைவு முடியுமிடத்தில் சுவர் தாழ்வாகவே நின்றது.

விபத்துக்குப் பிறகு, போட்டி தொடங்குமுன், சுவரை உயர்த்தினார்கள். தூண்களுக்கு மெத்தை சுற்றினார்கள், பனியின் வடிவத்தைச் செதுக்கி மாற்றினார்கள். ஆண்களின் தொடக்க இடமும் பெண்களுடைய இடத்துக்கு இறங்கியது. இத்தனையும் முன்கூட்டியே செய்யக்கூடிய வேலைகள். அடுத்து 2014 ஒலிம்பிக்குக்காக ரஷ்யாவின் சோச்சியில் கட்டிய தடத்தில், வேகத்தைக் குறைக்கவென்றே மூன்று இடங்களில் ஏற்றம் வைத்தார்கள்.