எலுமிச்சை, திருநீற்றுப்பச்சை, ஜின்

எலுமிச்சையும் திருநீற்றுப்பச்சையும் சேர்ந்த ஒரு ஜின் காக்டெயிலை வீட்டில் செய்யப் போகிறோம். முதல் சிக்கல் எலுமிச்சை. வெளிநாட்டுக் காக்டெயில் குறிப்பு எதை எடுத்தாலும் "அரை லெமன்" என்று ஒரு வரி இருக்கும். அந்த லெமன் நம் எலுமிச்சை இல்லை. அது கோழிமுட்டையைவிடப் பெரிதாக, மஞ்சளாக, தடித்த தோலோடு இருக்கும். ஒன்றைப் பிழிந்தால் 40 மில்லி வரை சாறு வரும். பெங்களூரில் "நிம்பெஹண்ணு" என்று கேட்டு வாங்குவது தோல் மெலிந்த சின்னப் பழம், லைம் வகை. ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லி கிடைத்தால் அதிகம். கோடையில் விலை ஏறும்போது சாறு இறங்கும். குறிப்பை அப்படியே நம்பி அரைப்பழம் பிழிந்தால், கிளாஸில் இருப்பது இனிப்பு ஜின்தான்.

அதனால் முதல் விதி: பழத்தை எண்ணாதீர்கள், சாற்றை அளந்து ஊற்றுங்கள். இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவு மூடி போதும், அதில் 5, 10 மில்லிக் கோடுகள் இருக்கும். தனியாக ஜிக்கர் என்ற அளவுக் குப்பி வாங்க வேண்டும் என்றில்லை. கண் அளவில் ரசம் வைக்கலாம், காக்டெயில் முடியாது. மொத்தமே 100 மில்லி இருக்கும் பானத்தில் 5 மில்லி கூடினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

புளிப்பு இரண்டு பழத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், சாற்றில் சுமார் 6 சதவீதம் அமிலம். ஆனால் லைமில் சிட்ரிக் அமிலத்தோடு மாலிக் அமிலமும் கணிசமாக இருப்பதால் புளிப்பு சற்று நேரம் நாக்கில் நிற்கும். குறிப்பில் 25 மில்லி லெமன் என்றிருந்தால் நம் எலுமிச்சையில் 20 மில்லியில் தொடங்குவது நல்லது.

பிழிவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழம் சாறு விடாது. அரை மணி நேரம் வெளியே வைத்து, மேடையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு வெட்டுங்கள். எலுமிச்சை பிழியும் கட்டையில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை நசுக்கினால் வெள்ளைச் சதையின் கசப்பும் இறங்கும். விதை நசுங்கினாலும் அதே கதி, எனவே மிக்ஸி பக்கமே போக வேண்டாம். பிழிந்த சாறு நாலைந்து மணி நேரம் நன்றாக இருக்கும். முந்தின நாள் சாற்றைச் சாதத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

இனி இலை. 2008-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லெ லியோன் என்ற பாரில் யோர்க் மேயர் என்பவர் செய்த ஜின் பேசில் ஸ்மாஷ் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜின், லெமன், சர்க்கரை, ஒரு கை நிறைய பேசில், அவ்வளவுதான். பேசில் என்றால் இத்தாலியிலிருந்து வந்தது என்று நினைத்து சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் பெட்டிக்கு அலைகிறோம். அது நம் திருநீற்றுப்பச்சையேதான், கன்னடத்தில் காமகஸ்தூரி. ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா விதை இந்தச் செடியுடையதுதான்.

ஒரே இனம் என்றாலும் மணம் ஒன்றல்ல. பெட்டியில் வரும் அகல இலை மென்மையானது, லேசாக இனிக்கும். நம் சிற்றிலை காரமாக, கிராம்பும் சோம்பும் கலந்த மாதிரி இருக்கும். அகல இலை என்றால் ஒரு கிளாஸுக்கு 12, நம் செடியின் இலை என்றால் 8. அதற்கு மேல் போட்டால் பல்வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலம் ஞாபகம் வரும்.

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டிலும் காந்தி பஜாரிலும் மரிக்கொழுந்து அடுக்கியிருக்கும் பூக்கடைகளில் காமகஸ்தூரியும் கண்ணில் படலாம். மணத்துக்கு மயங்கி வாங்கிவிடாதீர்கள். மாலைக்கு வளர்த்ததில் என்ன மருந்து அடித்திருப்பார்கள், எத்தனை நாளில் பறித்திருப்பார்கள் என்பதற்கெல்லாம் உணவுப் பயிரின் கட்டுப்பாடு கிடையாது. பால்கனியில் ஒரு தொட்டி வைப்பதே சுலபம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சப்ஜா விதையையே மண்ணின் மேல் தூவி, லேசாக மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கிள்ளலாம். பூக்கதிர் வந்ததும் கிள்ளிவிடுங்கள், விட்டால் இலை சிறுத்துக் கசக்கும். பெங்களூரு வெயில் இந்தச் செடிக்குத் தோது.

பறித்த திருநீற்றுப்பச்சையை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கறுத்துவிடும். குளிர் அதற்கு ஆகாது. டம்ளரில் தண்ணீர் விட்டு, தண்டை முக்கி, சமையல் மேடையில் வையுங்கள். புதினா நேர் எதிர்: மண் போகக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, அதே துணியில் சுருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

சர்க்கரைப் பாகு: 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர், கரையும்வரை மட்டும் சூடு. பாகு என்றதும் கம்பிப் பதத்துக்குப் போய்விடாதீர்கள். குலாப் ஜாமூன் பாகைவிடவும் நீர்த்திருக்க வேண்டும். சுமார் 325 மில்லி வரும், ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் இருக்கும். வெறும் சர்க்கரையை ஜின்னில் போட்டுக் குலுக்கினால் கரையாது, கடைசி மடக்கில் மணல் மாதிரி வந்து நிற்கும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் ரம்முக்குப் பொருந்தும். இங்கே பச்சை நிறத்தையும் மணத்தையும் இரண்டும் அமுக்கிவிடும்.

ஜின்னில் அதன் அடையாளமான ஜூனிப்பர் காயின் மணம் தெளிவாக இருந்தால் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். 2017 முதல் கோவாவிலிருந்து கிரேட்டர் தேன் (Greater Than), ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் என்று நல்ல இந்திய ஜின்கள் வந்துவிட்டன. நுணுக்கமான மணங்களுக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய புட்டியை இந்த இலையோடு நசுக்குவது வீண். அது டானிக் வாட்டரோடு (கசப்பும் இனிப்பும் கலந்த சோடா) போகட்டும்.

ஒரு கிளாஸுக்கு: ஜின் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, பாகு 20, இலை 8 முதல் 12, உப்பு அரைச் சிட்டிகைக்கும் குறைவாக. 3:1:1 என்று நினைவில் வைத்தால் 45, 15, 15 என்றும் குறைத்துக்கொள்ளலாம். உப்பு தெரியக் கூடாது, கசப்பை மட்டும் தணிக்க வேண்டும். சால்ட் லெமன் சோடா குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷேக்கர் இல்லையென்றால் திருகு மூடி போட்ட அகல வாய் ஸ்டீல் பாட்டில் நன்றாக வேலை செய்யும். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் நல்லெண்ணெய் வாசம் போகாது. டபரா செட்டில் காபி ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றிக் கலக்கும் முறை காக்டெயிலிலும் உண்டு, ஹவானாவிலிருந்து பார்சிலோனா போய் அங்கே பிரபலமானது. ஆனால் அது மெதுவாகத்தான் குளிர்விக்கும். இந்தப் பானத்துக்குக் குலுக்கல்தான் சரி.

இலைகளைக் காம்பு நீக்கி ஷேக்கரில் போட்டு, ஜின்னையும் சாற்றையும் ஊற்றிய பிறகே நசுக்குங்கள். இந்த வரிசை முக்கியம். இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பாக்கத் தொடங்கும், வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பது மாதிரி. சாராயத்தின் செறிவும் எலுமிச்சையின் அமிலமும் அந்த நொதியை மட்டுப்படுத்தும். வெறும் இலையை முதலில் இடித்துவிட்டு ஜின் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தால் பச்சை போய்விடும். சப்பாத்திக் கட்டையின் கைப்பிடி முனையால் பத்துப் பன்னிரண்டு முறை நன்றாக அழுத்துங்கள். திருநீற்றுப்பச்சைக்கு இந்த முரட்டுத்தனம் தேவை, நிறம் அப்போதுதான் இறங்கும். புதினாவுக்கு மூன்று நான்கு மெல்லிய அழுத்தம் போதும். அதன் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது, இடித்தால் வருவது பச்சைப் புல் கசப்புதான்.

பிறகு பாகு, உப்பு, ஐஸ். 7, 8 பெரிய கட்டிகள். மூடி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு 12 வினாடி வேகமாகக் குலுக்குங்கள். ஸ்டீல் வெளியே பனி பூத்து விரல் ஒட்டினால் ஆயிற்று. டீ வடிகட்டி வழியாக, பெரிய ஐஸ் கட்டி ஒன்று வைத்த குட்டைக் கிளாஸில் வடியுங்கள். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் தட்டுங்கள், கரண்டியால் தேய்க்காதீர்கள். மேலே ஒரு இலைக் கொத்தை உள்ளங்கையில் ஒருமுறை தட்டி வையுங்கள். பத்து நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டிய பானம் இது. அதற்கு மேல் நிறம் மங்கும்.

ஐஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வீட்டுக் காக்டெயில் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ஃப்ரீசரில் ட்ரே மூடியில்லாமல் கிடக்கும், கீழே இட்லி மாவு பொங்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் வெங்காயச் சாம்பார். ஐஸ் அத்தனை வாசனையையும் வாங்கிக்கொள்ளும். புது ஐஸை மூடி போட்ட டப்பாவில் உறைய வையுங்கள், இரண்டு மூன்று நாளில் பயன்படுத்திவிடுங்கள். ட்ரேயிலிருந்து எடுத்து வெளியே வைத்த ஐஸின் மேல் தண்ணீர் பூத்திருக்கும். அதை வடித்துவிட்டே ஷேக்கரில் போடுங்கள். சரியாகக் குலுக்கினாலே 30 மில்லிக்கு மேல் தண்ணீர் சேரும், அது கணக்கில் உள்ளது. அதற்கு மேல் சேர்வதுதான் கெடுதல். கிளாஸில் வைக்கும் பெரிய கட்டிக்குச் சின்னச் சின்ன ஸ்டீல் கிண்ணங்களில் தண்ணீர் உறைய வையுங்கள், மெதுவாகக் கரையும்.

குடித்துப் பார்த்தால் புளிப்பு தூக்கலாக இருக்கிறதா, பாகு 5 மில்லி சேருங்கள், ஜின் சேர்க்காதீர்கள். தண்ணீராக இருந்தால் ஐஸ் பொடியாக இருந்திருக்கும், அல்லது அரை நிமிடம் குலுக்கியிருப்பீர்கள். கசந்தால் காம்பு, விதை, தோல் இந்த மூன்றில் ஒன்று. எல்லாம் சரியாக இருந்தும் மந்தமாக இருந்தால் சாறு பழையது. சோடா வேண்டும் என்பவர்கள் வடித்த பிறகு மேலே 60 மில்லி ஊற்றிக்கொள்ளுங்கள். சோடாவை ஷேக்கருக்குள் ஊற்றிக் குலுக்கினால் மூடி கழன்று சுவர் முழுக்கப் பச்சை. சோடாவுக்குப் பதில் டானிக் வாட்டர் என்றால், அதில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் பாகு 10 மில்லியாகக் குறையட்டும்.

எலுமிச்சைக்குப் பதில் சாத்துக்குடி போடலாமா என்றால், புளிப்பு போதாது. பிழிந்து வைத்தால் இன்னொரு வம்பு: நேரம் ஆக ஆகச் சாறு கசக்கும். பழத்தில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள் அமிலத்தில் மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாகிறது, அதுதான் காரணம். ஜூஸ் கடையில் ஆர்டர் கொடுத்த பிறகு பிழிவது மரியாதைக்காக மட்டும் இல்லை.

பம்பளிமாஸ் நன்றாகப் பொருந்தும். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பக்கத்துச் சக்கோத்தாவுக்கு (பம்பளிமாஸின் கன்னடப் பெயர்) புவிசார் குறியீடே உண்டு. சுளையின் தோலை முழுக்க உரித்துவிட்டுச் சதையை மட்டும் வடிகட்டியில் அழுத்துங்கள், கசப்பு அந்தத் தோலில்தான். ஜின் 45, பம்பளிமாஸ் சாறு 45, எலுமிச்சை 15, பாகு 10, புதினா 6 இலை. ஒரு எச்சரிக்கை: கிரேப்ஃப்ரூட்டைப் போலவே இந்தப் பழமும் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும், கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் உட்பட. விருந்துக்கு வரும் மாமா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள். மாத்திரையோடு மதுவே ஆகுமா என்பதை அவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் ஜின் 480, சாறு 160, பாகு 160 மில்லியை மதியமே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். இலையை மட்டும் முன்கூட்டிச் சேர்க்காதீர்கள். ஆளுக்கு 100 மில்லி ஊற்றி, அப்போதைக்கப்போது இலை போட்டு நசுக்கிக் குலுக்குங்கள். பாகு கலந்ததால் காரம் தெரியாமல் இறங்கும், ஆனால் நம் ஊர் ஜின் 42.8 சதவீதம்; ஒரு கிளாஸ் என்பது இரண்டு ஸ்மால் பெக். மூன்றாவது கேட்பவருக்கு வண்டிச் சாவி கையில் இருக்கக் கூடாது. குடிக்காதவர்களுக்கு ஜின்னுக்குப் பதில் ஆறிய கட்டன் சாயா 60 மில்லி, மற்றதெல்லாம் அதே அளவு. தேயிலையின் துவர்ப்பு ஜின்னின் கடுமை இருந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

இலை கிள்ளியபின் மிஞ்சும் திருநீற்றுப்பச்சைத் தண்டுகளில் நல்லதாக நாலைந்தை எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். பத்து நாளில் வேர் விடும், தொட்டிக்கு மாற்றலாம்.