அலறலுக்கு முன்பே கவனிக்க வேண்டியவை

சென்னை வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சேர்க்க வரும் தாய்மார்களில் பலர், பிள்ளையின் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "சொல் பேச்சு கேக்க மாட்டான் மிஸ், நாலு போட்டு வைங்க" என்கிறார்கள். அடி பிள்ளையைத் திருத்தும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; பள்ளிகளில் அதை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் அடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வேறு வழி தெரியாத அந்தத் தாய்க்கு அதனால் என்ன பயன்?

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன், முரட்டுப் பிள்ளைகளின் வீடுகளில் நடப்பதைக் கூர்ந்து கவனித்துச் சொன்ன விளக்கம் எங்கள் தெருவுக்கும் பொருந்துகிறது. செல்போன் கேட்டுப் பிள்ளை அலறுகிறான். வேலைக்குப் போய்க் களைத்து வந்த தாய், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரே சுவருக்கு அப்பால் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் கொடுத்துவிடுகிறாள். அலறினால் கிடைக்கும் என்று அவன் கற்கிறான். கொடுத்தால் ஓயும் என்று அவளும் கற்கிறாள். இருவரையும் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அலறல் மட்டும் நாளுக்கு நாள் வளர்கிறது.

இதை நிறுத்த முனையும்போது, அலறல் குறைவதற்கு முன் சில நாள் கூடும். அந்த நாளில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்க அலற வேண்டும் என்ற பாடமே மிஞ்சும். ஆகவே அப்பாவும் ஆயாவும் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் முன்கூட்டியே ஒரே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அவன் அமைதியாக இருக்கும் நேரத்தைக் கவனிப்பது. ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் சத்தம் போட்டால்தான் பெரியவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்வதை விட, "கேட்டதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தாயே" என்று செய்ததைக் குறிப்பிட்டு, செய்த உடனே பாராட்டினால் அது பிள்ளையின் மனத்தில் பதிகிறது.

பதின்வயதினரிடம் இது மட்டும் போதாது. நண்பர்கள் முன்னிலையில் கண்டித்தால், தோற்றுப்போனவனாகத் தெரியக்கூடாது என்பதற்காகவே அவன் எதிர்த்துப் பேசுவான். தனியாகச் சொன்னால் கேட்கக்கூடியவன்தான். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரம் போன்ற விதிகளை அவனையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யலாம். தண்டனையாகக் கால்பந்து மைதானத்துக்குப் போகக்கூடாது என்று தடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பயிற்சியாளரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தன் முறைக்குக் காத்திருந்து, தோல்வியையும் தாங்கிக்கொள்ள அவன் பழகும் இடம் அது.

சில பிள்ளைகளிடம் அடங்காமையாகத் தோன்றுவது கற்றல் குறைபாடாகவோ, ஒன்றில் கவனம் நிற்காமல், அசையாமல் உட்காரவும் முடியாமல் தவிக்கவைக்கும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறாகவோ (ADHD), காது சரியாகக் கேளாமையாகவோ இருக்கலாம். அதை மருத்துவரே கண்டறிய வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அழைத்துச் சென்றால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என்று அஞ்சுபவர்கள், முதலில் 14416 என்ற டெலி மனஸ் இலவச மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென மாறி, உறக்கம் கெட்டு, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலே ஒதுங்கினால், கண்டிப்பதை நிறுத்திவிட்டு என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். யாராவது அவனைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.