டீச்சர் ஆகப் போறவங்களுக்கு: யூதப் பள்ளில வளர்ந்த ஒரு தோழிகிட்ட நான் கத்துக்கிட்டது

நியூ ஜெர்சில ஒரு யூதப் பள்ளில மூணு வருஷம் மேத்ஸ் அசிஸ்டன்ட்டா இருந்தேன். நான் யூதர் இல்ல, அந்த மாதிரி ஸ்கூல்ல கணக்கு, சயின்ஸ் எடுக்க வெளி ஆளுங்களும் இருப்பாங்க. பாதி நாள் தோரா (யூதங்களோட வேதம்), டால்முட் (அதைப் பத்தி பழைய அறிஞர்கள் விவாதிச்ச பெரிய நூல்), ஹீப்ரு மொழி, மீதி நாள் நம்ம எல்லாரும் படிக்கிற பாடம். ஒரு வாத்தியாருக்கு 25 பிள்ளைங்க, 40 ஆயிட்டா உதவிக்கு ஒரு ஆள் வைக்கணும்னு டால்முட்லயே இருக்காம், அந்த உதவி ஆள் வேலைதான் நான் பார்த்தேன்.

டீச்சர் லைசென்ஸுக்காக ப்ராக்ஸிஸ்னு ஒரு பரீட்சை, அதுல மேத்ஸ் எழுதினேன், முதல் தடவை ஃபெயில் ஆயிடுச்சு. ராத்திரி ராத்திரியா தனியா உக்காந்து படிச்சும் போயிடுச்சேன்னு மனசு விட்டுப் போய் இருந்தப்ப, அங்கேயே அஞ்சாம் கிளாஸ் எடுக்கிற தோழி ஒருத்தி "யார்கூட படிச்ச?"ன்னு கேட்டா. எப்படி படிச்சன்னு கேக்கல, யார்கூடன்னு கேட்டா! தனியான்னு சொன்னதும் அவளுக்குப் புரியவே இல்ல.

அவ கிண்டர்கார்டன்ல இருந்து யூதப் பள்ளிலயே படிச்சவ. அங்க ஹவ்ரூத்தான்னு ஒரு முறை இருக்கு, ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து படிக்கிறது. ஒருத்தர் சத்தமா வாசிச்சு அர்த்தம் சொல்லணும், மத்தவர் விடாம கேள்வி கேக்கணும். அவங்க படிப்பு ஹாலுக்கு, அதாவது பெய்த் மித்ராஷுக்கு, நான் முதல்ல போனப்ப டீச்சர் வரல போலன்னு நினைச்சேன், அவ்ளோ சத்தம், ஆனா ரபி, அதாவது அவங்க மத குரு, அங்கதான் மேசை மேசையா சுத்திட்டு இருந்தாரு.

அந்த புக்கே அப்படித்தான் இருக்கு. டால்முட்டோட ஒவ்வொரு பக்கத்துலயும் நடுவுல மூலம், ஒரு பக்கம் ரஷி எழுதின உரை, அவரு 11ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்தவரு. எதிர்ப் பக்கம் தோசஃபோத், அவருக்கு அப்புறம் வந்தவங்க எழுதின உரை, அதுல ரஷியோட சொந்தப் பேரன் ரபேனு தாம் வந்து தாத்தா சொன்னது சரியில்லன்னு மறுப்பாரு. அதை மரியாதைக் குறைவா யாரும் பார்க்கல, நூத்துக்கணக்கான வருஷமா ரெண்டையும் சேர்த்தே அச்சடிக்கிறாங்க. பத்து பதினோரு வயசுல இதைப் பார்த்து வளர்ற பிள்ளைக்கு, கேள்வி கேக்கிற மாணவன் மேல பின்னாடி கோவம் வருமா சொல்லுங்க.

டால்முட்ல வர்ற ரபி யோகனான் கதையும் என் தோழிதான் சொன்னா. அவரோட படிப்புக் கூட்டாளி ரேஷ் லகிஷ் இறந்த பிறகு வேற ஒருத்தரை அனுப்பி வைக்கிறாங்க, யோகனான் எதைச் சொன்னாலும் அந்த ஆள் உங்களுக்கு ஆதாரம் இருக்கு, உங்களுக்கு ஆதாரம் இருக்குன்னு ஆமாம் போடுறாரு. யோகனான் அழுதுட்டு, ரேஷ் லகிஷ் இருந்தா 24 மறுப்பு சொல்லுவான், நான் 24 பதில் சொல்லுவேன், விஷயம் தெளிவாகும்னு சொல்றாரு.

பொண்ணுங்க இதெல்லாம் படிக்கிறது எல்லா யூதப் பள்ளிலயும் இல்ல. 1917ல போலந்தோட கிராகோவ்ல சாரா ஷெனிரர்னு துணி தைக்கிற ஒரு அம்மா பொண்ணுங்களுக்குன்னு பள்ளி தொடங்கினாங்க, அங்க படிச்ச டீன்ஏஜ் பொண்ணுங்களே வேற ஊர்களுக்குப் போய் டீச்சர் ஆனாங்க, ஆனா அங்க டால்முட் கிடையாது. 1937ல பாஸ்டன்ல ரபி சொலவைச்சிக் தொடங்கின பள்ளில பொண்ணுங்களும் பசங்களோட சேர்ந்து டால்முட் படிச்சாங்க. என் தோழி அந்த ரெண்டாவது வழில வந்தவ.

எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். சின்ன வயசுல அவ ரொம்ப கூச்சம். அவளோட ஜோடிப் பொண்ணு பேசிக்கிட்டே இருக்கும், இவ வாயே திறக்க மாட்டா, யாரும் கவனிக்கல, ஒரு வருஷம் முழுக்க அப்படியே போச்சாம். கூச்சப்படுறவன் கத்துக்க மாட்டான்னு ஹில்லெல்ங்கிற பழைய யூத அறிஞர் சொன்னதா ஒரு வரி இருக்கு, அதைத்தான் அவகிட்ட திரும்பத் திரும்ப சொன்னாங்களாம். அந்த வரிக்கு அடுத்த பாதி, பொறுமை இல்லாதவன் கற்பிக்க முடியாதுங்கிறது. அது டீச்சருக்கான பாதின்னு அவளுக்கு உறைச்சது அவ டீச்சர் ஆன பிறகுதான். இப்ப அவ கிளாஸ்ல ஜோடியை அவளே பார்த்துப் பார்த்து சேர்ப்பா, அமைதியான பிள்ளையை அமைதியான பிள்ளையோட. டால்முட்ல ரபி பெரெய்தான்னு ஒருத்தர், ஒரு மாணவனுக்கு ஒரே பாடத்தை 400 தடவை சொல்லிக் குடுத்தவராம். ஒரு பையனுக்கு பின்னம் வரவே வரலன்னு இவளும் அவரை மாதிரியே உக்காந்து சொல்லிக் குடுத்தா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன், குரல் ஒரு தடவை கூட உயரல.

ரெண்டாவது தடவைக்கு அவகூட படிச்சேன். அவளுக்கு கால்குலஸ் மறந்தே போச்சு, அதுவே எனக்கு நல்லதாப் போச்சு, ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன்னு கேப்பா, பதில் சொல்ல முடியாத இடத்துலதான் எனக்கு நிஜமா தெரியலன்னு புரியும். பாஸ் பண்ணிட்டேன்.

நீங்க செய்றதா இருந்தா, உங்களைவிட கெட்டிக்கார ஆளைத் தேட வேணாம், ஆமாம் போடாத ஆளா பாருங்க. ஒருத்தர் புக்கை மூடி வெச்சுட்டு சொல்லணும், மத்தவர் திறந்து வெச்சுட்டு கேக்கணும், அரை மணிக்கு ஒரு தடவை மாத்திக்கோங்க. தீராத கணக்கு பக்கத்துல டேய்க்குன்னு எழுதிடுவோம், முடிவு கிடைக்காத கேள்விக்கு டால்முட்ல வர்ற வார்த்தை அது. எங்க நோட்டுல ப்ராபபிலிட்டி கணக்கு ஒண்ணு இன்னும் டேய்க்குவாதான் இருக்கு, போன வாரம் கூட போன்ல அதைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தோம்.