நெல் தராசும் ஃப்ரீடொஸ்ஸும், நடுவில் ரன்டைம் எரர் 200

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் லொறி நிறுக்கிற பெரிய தராசுக்கு இன்னும் டொஸ் (விண்டோஸுக்கு முந்தைய பழைய இயங்குதளம்) ப்ரோகிராம்தான். எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார், சோர்ஸ் கோட் கிடையாது, ரசீது ஒழுங்காக அடிக்கிறது என்பதால் ஒருவரும் கை வைக்கவில்லை. பெரும்போக அறுவடை நெருங்கும் நேரத்தில் அது ஓடிய பழைய பென்டியம் 133 மெஷின் மண்டையைப் போட்டுவிட்டது. சீரியல் போர்ட் உள்ள பென்டியம் 3 ஒன்றைத் தேடிப்பிடித்து, எம்எஸ்-டொஸ்ஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீடொஸ் 1.3 ஏற்றினேன்.

ப்ரோகிராமைத் தட்டினால் ஒரே வரி: ரன்டைம் எரர் 200. "ஓசி டொஸ் எண்டா இப்படித்தான் தம்பி" என்று ஆலை நாநா தீர்ப்பே சொல்லிவிட்டார். எஃப்8 அழுத்தி கன்ஃபிக் வரிகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன், மெமரி மனேஜரைக் கழற்றிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் பயோஸுக்குள் போய் சிபியூ கேஷை நிறுத்தினேன். மெஷின் ஆமையாகியது, ப்ரோகிராம் ஓடியது! அப்போதே தெரிந்துவிட்டது, பிழை டொஸ்ஸில் இல்லை. ப்ரோகிராம் எழுதப்பட்டது டர்போ பாஸ்கல் என்ற பழைய மொழிக் கருவியில்; அதில் திரை, டிலே (காத்திருப்பு) வேலைகளைப் பார்க்கும் சிஆர்டி யூனிட், தொடங்கும்போதே ஒரு டைமர் டிக்குக்குள், அதாவது சுமார் 55 மில்லி செக்கனுக்குள், எத்தனை தடவை சுற்ற முடிகிறது என்று எண்ணி அதை 55ஆல் வகுக்கும். மெஷின் வேகமாக இருந்தால் விடை 16 பிட்டுக்குள் அடங்காது, அவ்வளவுதான், எம்எஸ்-டொஸ்ஸிலும் இதே கதைதான். இதற்கென்றே உள்ள பாட்சை (சின்னத் திருத்தத்தை) ப்ரோகிராமின் எக்ஸீ ஃபைலில் போட்டதும் சரி வந்தது. ஆனால் டிலே எல்லாம் குறுகிவிட்டதால் லொறி ஆடி அடங்குவதற்குள் நிறையை எடுத்துவிடுகிறது. எண் நின்ற பிறகுதான் என்டர் தட்ட வேண்டும் என்று தராசில் நிற்கும் பொடியனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

எம்எஸ்-டொஸ் 6.22 கொப்பிதான் ஊரெல்லாம் கிடக்கிறதே, மைக்ரோசொஃப்ட்டும் டொஸ்ஸைத் திறந்துவிட்டதே என்று ஒரு நண்பர் கேட்டார். திறந்தது உண்மை, ஆனால் எதை? 1.25, 2.0 இரண்டும் 2014இல் வணிகப் பாவனைக்கு இல்லை என்ற நிபந்தனையோடு வந்தன, 2018இல்தான் வணிகப் பாவனையையும் அனுமதிக்கும் எம்ஐடி லைசன்ஸுக்கு மாறின. 2024இல் 4.00 வந்தது. 6.22 அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஃப்ரீடொஸ்ஸின் கெர்னல், அதாவது மையப் பகுதி, ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல லைசன்ஸில் வருகிறது. விற்கிற மெஷினிலும் தாராளமாகப் போடலாம், ஆனால் சோர்ஸையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது மூன்று வருடம் செல்லுபடியாகும் எழுத்து மூல உறுதி தர வேண்டும். கூட வரும் கருவிகள் எல்லாமே ஜிபிஎல் இல்லை, ஒவ்வொன்றின் லைசன்ஸையும் பார்த்துத்தான் ஆக வேண்டும், அலுப்புப் பிடித்த வேலை. நான் சோர்ஸ் முழுவதையும் ஒரு சீடியில் எழுதி மெஷினோடு கொடுத்தேன்.

இப்போது நாநாவின் மச்சான் தன் ஆலைக்கும் அதையே போட்டுத் தரச் சொல்கிறார். ஃப்ரீடொஸ்ஸைத் தரலாம். தராசு ப்ரோகிராம் வேறொருவருடைய சொத்து, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும், எழுதியவரைக் கேட்காமல் கொப்பி அடிக்க முடியாது. அதனால் அவருக்கு ஃப்ரீ பாஸ்கலில் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன், அதில் டொஸ்ஸுக்கும் கம்பைல் பண்ணலாம்.