கழித்தல் கணக்கில் ஜெயித்த அண்ணன்

வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் மாநிலப் பட்டம் வாங்கி, பிறகு லண்டனுக்கு வேலைக்கு வந்து இங்கத்து பப் லீக்கிலும் பேர் எடுத்த நம் பள்ளி அண்ணனைப் பற்றி இந்த ஆண்டு மலரில் ஒரு கட்டுரை வர வேண்டும் என்று நம் பழைய மாணவர் கிளையில் பலரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பேரைப் போடக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் செட்டுக்காரர்களுக்கு யாரென்று சொல்லத் தேவையில்லை.

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் 180 அடித்ததைத்தான் பேசுவார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று டார்ட். மூன்றும் ட்ரிபிள் 20-ல், அதாவது 20 மும்மடங்காகும் உள்பட்டையில், இறங்கினால் 180. கை தட்டு விழும். ஆனால் அண்ணன் பட்டம் வாங்கியது கழித்தல் கணக்கினால். 501-ல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட் டபுளில், அதாவது எண் இரு மடங்காகும் வெளிப்பட்டையில், விழுந்து சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அந்தச் சுற்றே செல்லாது. ஸ்கோர் சொல்பவர் "86 மீதி" என்று சொல்லலாம். "ட்ரிபிள் 18, டபுள் 16" என்று வழி சொல்லக்கூடாது. அதை ஆடுபவர்தான் மனக்கணக்காகப் போட வேண்டும். பதினேழாம் வாய்ப்பாட்டையும் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி நம் கணக்கு வாத்தியார்கள் ஏற்றிவிட்டார்களே, அதன் பலன் அண்ணனுக்கு எறிகோட்டில் கிடைத்தது.

அவருடைய முதல் போர்டு மதுரை தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கிய காகிதச் சுருள் போர்டு. சிம்மக்கல் பக்கம் அவர்கள் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தாழ்வாரத்தில் மாட்டியிருந்தார். புல் எனப்படும் நடுப்புள்ளி தரையிலிருந்து 173 செ.மீ. உயரம், போர்டின் முகத்துக்கு நேர் கீழிருந்து எறிகோடு 237 செ.மீ. இந்த 237-ஐப் பலரும் சுவரிலிருந்து அளந்துவிடுவார்கள். போர்டு ஏறக்குறைய 4 செ.மீ. கனம் என்பதால் அந்த அளவுக்குக் கோடு முன்னால் வந்துவிடும். அண்ணன் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்கி, போர்டு முகத்திலிருந்து நூலை இறக்கி, குண்டு தொட்ட இடத்திலிருந்து அளந்தார். இன்னொரு சிக்கல், மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தாழ்வாரத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். போர்டுக்குக் கீழே அளந்தால் 173 சரியாக இருக்கும், ஆள் நிற்கும் இடத்தில் அரை அங்குலம் இறங்கியிருக்கும். அதற்கு அவர் வைத்த சோதனை: புல்லிலிருந்து எறிகோடு வரை நூலைச் சாய்வாக இழுத்தால் 293 செ.மீ.க்கு மேல் ஒரு நூலளவு வர வேண்டும். வரவில்லையென்றால் உயரமோ தூரமோ ஏதோ ஒன்று தப்பு. போட்டி அரங்கில் போய் நிற்கும்போது கை திகைக்காமல் இருந்ததற்கு இந்த அளவுதான் காரணம்.

காகித போர்டில் ஓட்டை மூடாது. ட்ரிபிள் 20 இருக்கும் இடம் சில மாதங்களில் குழியாகி, டார்ட் நிற்காமல் தலை குப்புற விழும். பிறகு ஒரு மாமா வெளிநாட்டிலிருந்து சைசல் போர்டு கொண்டுவந்து கொடுத்தார். நம்மூர் ரயில் தண்டவாள ஓரம் நிற்கும் கத்தாழையின் இனத்தைச் சேர்ந்ததுதான் சைசல். அதன் நாரைக் கற்றை கற்றையாக நிறுத்தி இறுக்கி அடித்து, முகத்தைச் சமமாகத் தேய்த்திருப்பார்கள். டார்ட் நார்களுக்கு நடுவே நுழையும், உருவினால் நார் திரும்பச் சேர்ந்துகொள்ளும். மதுரை வெயிலில் நார் காய்ந்து போகுமே என்று பயந்து சிலர் தண்ணீர் தெளிப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. நார் உப்பி, மேலே உள்ள கம்பிவலை தூக்கிக்கொள்ளும். நேர் வெயில் படாத சுவர் இருந்தால் போதும். எண் வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போர்டு பல மடங்கு நாள் உழைக்கும். இரண்டு இரண்டு கட்டமாகத்தான் திருப்ப வேண்டும், ஏனென்றால் 20 எப்போதும் கறுப்புக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும். அண்ணன் வாரம் தவறாமல் திருப்புவார்.

சிமெண்ட் தரையில் விழுந்த டார்ட்டின் முனை மழுங்குவதோடு ஒரு பக்கம் பிசிறு கட்டும். அந்தப் பிசிறு நாரைப் பிடுங்கிக்கொண்டு வரும். அதற்காகப் போர்டுக்குக் கீழே கோணிச் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார். முனையைச் சாணைக்கல்லில் உருட்டி உருட்டித் தேய்ப்பார், ஆனால் ஊசி போலக் கூராக்க மாட்டார். மிகக் கூரான முனை கம்பியில் பட்டதும் வளைந்து கொக்கியாகிவிடும். விரலில் வைத்தால் குத்தாமல் லேசாக உருண்டிருப்பதே சரியான முனை. ஓடுகிற சீலிங் ஃபேன் டார்ட்டின் இறகை ஆட்டிவிடும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பழகினார். சித்திரை வைகாசியில் ஃபேன் இல்லாமல் நிற்பது லேசான காரியமில்லை. விரல் வியர்வைக்குச் சாக்பீஸ் தூள், ஆடிக் காற்றுக்குத் தாழ்வாரத்தில் படுதா. ஒரே பக்கம் டியூப்லைட் இருந்தால் முதல் டார்ட்டின் நிழல் ட்ரிபிளை மறைக்கும் என்று இரண்டு பக்கமும் விளக்கு போட்டிருந்தார்.

எறிவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வலது கால் முன்னால், எடை அதன்மேல், முழங்கை உயரம் மாறாமல் முன்கை மட்டும் போய்வர வேண்டும். விட்ட பிறகும் விரல் இலக்கைப் பார்த்து நீள வேண்டும். கெட்டுப்போகும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அவசரத்தில் முழங்கை கீழே இறங்கும், டார்ட்டும் கீழே இறங்கும்.

பித்தளை டார்ட்டை விட்டு டங்ஸ்டனுக்கு மாறியதும் அவர் ஸ்கோர் கூடியது. காரணம் சுலபம். ட்ரிபிள் 20 என்பது 8 மி.மீ. அகலமும் சுமார் 32 மி.மீ. நீளமும் உள்ள ஒரு பட்டை. அதற்குள் மூன்று டார்ட் நிற்க வேண்டும். டங்ஸ்டனின் அடர்த்தி பித்தளையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால், அதே 22 கிராமுக்குப் விரல் பிடிக்கும் பேரல் பகுதி ஒல்லியாக இருக்கும், ஒன்றையொன்று இடிக்காது. ஆனாலும் புதிதாக வருகிற பையன்களைப் பித்தளையில்தான் அவர் ஆரம்பிக்கச் சொல்வார். விலை குறைவு, கை ஒரு நிலைக்கு வந்த பிறகு மாற்றினால் போதும் என்பார். இது எனக்கும் சரியாகவே படுகிறது.

மாநிலப் பட்டம் வாங்கிய இறுதி ஆட்டத்தின் கடைசி லெக் (501-லிருந்து பூஜ்யம் வரை ஒரு ஆட்டம்) அவருடைய கணக்குக்கு நல்ல சாட்சி. 185 மீதி, கையில் ஒரு டார்ட். யாராக இருந்தாலும் 20-க்குத்தான் எறிவார்கள். ட்ரிபிளைத் தவறவிட்டு ஒற்றை 20 விழுந்தால் மீதி 165. அது மூன்று டார்ட்டில் முடிக்கவே முடியாத எண். 170-க்குள் அப்படி ஏழு எண்கள் உண்டு: 159, 162, 163, 165, 166, 168, 169. பத்தொன்பதுக்குப் போனால் ஒற்றை விழும்போது 166, அதுவும் ஆகாது. அண்ணன் 18-க்கு எறிந்தார். ஒற்றை 18 விழுந்து மீதி 167. ட்ரிபிள் 20, ட்ரிபிள் 19, புல் (50, அதுவும் டபுள் கணக்குதான்) என்று அதற்கு வழி இருக்கிறது.

எதிராளி 40-ல் நின்றார். டபுள் 20-க்கு எறிந்தது ஒற்றை 20-ல் விழ மீதி 20, அடுத்தது ஒற்றை 10-ல் விழ மீதி 10, அடுத்தது ஒற்றை 5. மீதி 5, ஒற்றைப்படை. இனி முதலில் ஒற்றை 1-ஐ அடித்துவிட்டுத்தான் அவர் டபுள் 2-க்குப் போக முடியும்.

அண்ணன் ட்ரிபிள் 20 அடித்தார், ட்ரிபிள் 19 அடித்தார். மீதி 50, கையில் ஒரு டார்ட். புல் அடித்தால் பட்டம். அவரோ ஒற்றை 18-க்கு எறிந்து 32-ல் நின்றுகொண்டார். அரங்கில் சலசலப்பு. புல்லுக்கு எறிந்திருக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. அண்ணன் சொல்லும் நியாயம் இது: புல் 12.7 மி.மீ. விட்டமுள்ள சின்ன வட்டம். டபுள் பட்டை 8 மி.மீ. அகலம், 52 மி.மீ. நீளம், பரப்பில் புல்லைப் போல மூன்று மடங்குக்கு மேல். எதிராளிக்கு ஒரு டார்ட் ஒற்றை 1-க்கே செலவாகும், டபுளுக்கு இரண்டுதான் மிஞ்சும், அப்போதுதான் மூன்றைத் தவறவிட்ட கை. எதிராளி ஒற்றை 1-ஐ அடித்தார், டபுள் 2-ஐ இரண்டு முறையும் கம்பிக்கு வெளியே விட்டார். அண்ணனின் முதல் டார்ட் ஒற்றை 16. கவலையில்லை, மீதி 16, டபுள் 8. அடுத்த டார்ட்டில் முடித்தார். 32, 16, 8, 4, 2 என்று உள்பக்கம் எத்தனை முறை தவறினாலும் இரட்டைப்படையிலேயே நிற்கலாம் என்பதால்தான் 32-ஐ எல்லோரும் விரும்புகிறார்கள். 40, 20, 10 வரை வந்து ஐந்தில் மாட்டிக்கொள்ளும். 32-லும் அவர் 16-க்கு மேலே இருக்கும் 8-ன் பக்கம் சாய்த்தே எறிவார். பக்கத்துக் கட்டத்தில் விழுந்தாலும் 24 மிஞ்சும். கீழே 7-ல் விழுந்தால் 25 ஆகிவிடும்.

லண்டன் வந்த பிறகு முதலில் அவர் ஆடவில்லை, சாக்பீஸ் பிடித்தார். அடுத்த ஆட்டம் வேண்டுமென்றால் நடக்கும் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுத வேண்டும் என்பது பப்களின் பழைய வழக்கம். எழுதுபவர் போர்டைப் பார்த்தபடியே அசையாமல் நிற்க வேண்டும். திரும்பி ஆடுபவர் முகத்தைப் பார்க்கக்கூடாது. பப்புக்காரர்கள் அவருடைய கழித்தல் வேகத்தைப் பார்த்துத்தான் அணியில் சேர்த்தார்கள்.

டபுளுக்கு அவர் தினமும் ஆடியது பாப்ஸ் 27. 1988-ல் உலகப் பட்டம் வென்ற பாப் ஆண்டர்சன் பேரில் வழங்கும் பயிற்சி. 27 புள்ளியில் தொடங்கி, டபுள் 1-லிருந்து ஒவ்வொன்றுக்கும் மூன்று டார்ட், கடைசியில் புல். விழுகிற ஒவ்வொரு டார்ட்டுக்கும் அந்த டபுளின் மதிப்பைக் கூட்ட வேண்டும், மூன்றும் தவறினால் ஒரு முறை கழிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆட்டம் முடிந்தது. முதல் நான்கையும் தவறவிட்டால் மீதி 7, ஐந்தாவதும் தவறினால் காலி.

நடுவில் ஒரு சீசன் அவருக்கு டார்டைட்டிஸ் வந்தது. கை முன்னே போகும், விரல் டார்ட்டை விடாது. எரிக் பிரிஸ்டோ போல ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவரையே ஆட்டிவைத்த கோளாறு. அண்ணன் லீக்கை விட்டு விலகி, போர்டில் எண் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இலக்கே இல்லாமல் போர்டுக்கு வெறுமனே எறிந்தார். பிறகு அரை தூரத்தில் நின்று எறிந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்து கோட்டுக்குச் சேர்ந்தார். பழைய வேகம் முழுக்கத் திரும்பவில்லை. கணக்கு அப்படியே இருந்ததால் லீக்கில் தாக்குப்பிடித்தார்.

2018 டிசம்பரில் நம் நாட்டு நிதின் குமார் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் மேடையில் உலகப் போட்டி ஆடியதும், 2025-ல் லூக் லிட்லர் 17 வயதில் உலகப் பட்டம் வென்றதும் அண்ணனைத் திரும்ப மதுரைப் பக்கம் இழுத்துவிட்டன. பள்ளிப் பையன்களுக்கு ஒரு டார்ட்ஸ் மூலை அமைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு ஊர் போகிற நம் கிளைக்காரர்கள் உதவலாம். தேவை சைசல் போர்டும், 20 முதல் 22 கிராம் பித்தளை டார்ட்டும், மாற்று ஃப்ளைட் (இறகு), ஷாஃப்டும் (இறகைச் செருகும் தண்டு). காந்த போர்டு, காகித போர்டு வேண்டாம். ஒரு போர்டு ஐந்து கிலோ வரை வரும் என்பதால் பெட்டி எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டார்ட்டைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். முனைக்கு உறை போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். போர்டைப் படுக்கவைத்து, மேலே கனமான சாமான் எதுவும் ஏற்றாமல், முகத்தின்மேல் துண்டு விரித்துக் கட்டுங்கள். கம்பி வளைந்துவிட்டால் ட்ரிபிள் பட்டையின் அளவே மாறிவிடும்.